ரெண்டு பேருக்கு ஒரு மருந்துச் சீட்டு

பாலக்கோட்டு மண்டியில தக்காளி தரம் பிரிக்கிற பொம்பளைங்க புடவையக் கணுக்காலுக்கு மேல தூக்கமாட்டோம். தூக்கினா பாக்க சகிக்காது. நரம்பெல்லாம் சுருண்டு, பச்சையா பொடைச்சுக்கிட்டு நிக்கும். விடிய வந்து நின்னா மத்தியானம் வரைக்கும் நிக்கணும், யாருக்குத்தான் வராது? எனக்கு இருக்குது. என் ஓரகத்தி மணிமேகலைக்கும் இருந்துச்சு. என் கொழுந்தன் பூவரசனைக் கட்டிக்கிட்டு அவ எங்க வூட்டுக்கு வந்து இருவது வருசம். பக்கத்து பக்கத்து வூடு, ஒரே பஸ்ஸு, ஒரே மண்டி. என்னைவிட ஏழு வயசு சின்னவ. நான் சொன்னா மறுபேச்சு பேசமாட்டா, அதனாலயே நான் நெறைய சொல்லுவேன்.

போன வருசம் மழைக்கு முன்னாடி என் கால்ல நரம்பு ஒண்ணு வெடிச்சு ரத்தம் பீச்சிடுச்சு. தர்மபுரி போயி டாக்டரைப் பாத்தேன். மேல ஏறுன ரத்தம் திரும்ப எறங்காம இருக்க நரம்புக்குள்ள சின்னச் சின்ன வால்வு இருக்குதாம். அது தளந்துபோனா ரத்தம் கால்லயே தேங்கிடுமாம். இறுக்கமான சாக்ஸு போடு, படுக்கறப்ப காலை ஒசத்தி வையின்னு எழுதிக் குடுத்தாரு. பத்து நாள்ல வலி பாதியாக் கொறஞ்சிடுச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு மணிமேகலைக்குப் பாதம் வீங்க ஆரம்பிச்சுது. "அக்கா, நானும் அந்த டாக்டரை ஒருவாட்டி பாத்துட்டு வந்துடட்டுமா?"ன்னா.

"எதுக்குடி? ரெண்டு பேருக்கும் ஒரே நோவு, நான் போயிட்டு வந்தது பத்தாதா? லோடு வந்து குமியற நேரத்துல லீவு போட்டா வேற ஆளைப் போட்டுடுவாங்க"ன்னேன்.

எங்க சனங்க அப்படித்தானுங்க. ஒருத்தருக்குக் கண்ணு வலின்னு வாங்குன சொட்டு மருந்து தெருவுல நாலு வூடு சுத்திட்டு வரும். என் சீட்டைக் காட்டி அவளுக்கும் சாக்ஸு வாங்கினேன். தெனமும் ராச்சோறு தின்னதும் அவ வூட்டுக்குப் போயி, கால்மாட்டுல ரெண்டு தக்காளிப் பெட்டியக் கவுத்துப் போட்டு, மேல தலகாணி வெச்சு, நானே அவ காலைத் தூக்கி வெப்பேன். அவ மேல எனக்கு அவ்வளவு பாசம், அதையும் சொல்லிடறேன்.

ஒரு வாரம் போயிருக்கும். "அக்கா, இப்படிப் படுத்தா மூச்சு அடைக்குது. எழுந்து உக்காந்துக்கட்டுமா?"ன்னா.

"உக்காந்தா வீக்கம் எப்படிடி வடியும்? டாக்டரைவிட நீ பெரிய ஆளா? நகராம படு."

மண்டியிலயும் பெட்டியத் தூக்கினா அவளுக்கு எளைக்கும். "நாப்பதுகூட ஆவல, கெழவி மாதிரி மூச்சு வாங்கறா பாருங்க"ன்னு நாலு பேரு முன்னாடி சொல்லிச் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. அதுக்கப்புறம் மூச்சுப் பேச்சையே என்கிட்ட எடுக்கல. சரியாப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

தை பொறந்த பத்தாம் நாளு மண்டியிலயே மயங்கி விழுந்துட்டா. ஆம்புலன்ஸுல பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்க ஒரு லேடி டாக்டரு நெஞ்சுல கருவிய வெச்சுக் கேட்டதுமே மொகம் மாறிடுச்சு. எக்கோ எடுத்தாங்க. இதயத்துல ஒரு வால்வு ரொம்ப நாளா சரியா மூடலியாம். ரத்தம் பின்னாடியே கசிஞ்சு கசிஞ்சு நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சாம்.

"நரம்பு சுருட்டல்தானுங்களே, அது நெஞ்சுக்கு எப்படிங்க ஏறுச்சு?"ன்னேன்.

"கால்ல இருந்து ஏறலம்மா. அது வேற வால்வு, இது வேற வால்வு. சிலருக்கு ரெண்டு எடத்துலயும் கோளாறு சேந்து இருக்கலாம், எல்லாருக்கும் இல்ல. நரம்பு சுருட்டலோட மூச்சும் வாங்கினா நெஞ்சையும் பாத்துடணும். படுத்தா மூச்சு அடைக்குதுன்னு இவங்க சொன்னதே இல்லயா?"

ராவுல வெளித் திண்ணையில படுக்கற பூவரசன் ஒண்ணும் தெரியாம, "தெனம் காலை ஒசத்தி வெச்சுத்தான் படுப்பா. டாக்டரு சொன்னாருங்களே"ன்னான்.

"எந்த டாக்டர்? இவங்க நெஞ்சைப் பாத்தாரா? இப்படி மூச்சு வாங்கறவங்களுக்குக் காலை ஒசத்தினா இன்னும்தான் திணறும்."

அந்தச் சீட்டு எனக்கு எழுதுனதுன்னு நான் சொல்லல. என் ஆயுசுல நான் பேசாம நின்னது அன்னிக்கு ஒரு நாளுதான்.

வால்வுக்கு ஆபரேசன் பண்ணணும், ஆனா இப்ப இதயம் தாங்காது, கொஞ்சம் தேறட்டும்னாங்க. தேறல. ஆஸ்பத்திரியில சேத்த பன்னெண்டாம் நாளு போயிட்டா.

சாவுக்கு வந்தவங்க எல்லாம், கூடப் பொறந்தவகூட இப்படிப் பாக்கமாட்டா, தெனம் காலைத் தூக்கி வெச்சாளேன்னு என்னைத்தான் மெச்சினாங்க. அதுல ஒரு வார்த்தகூட எனக்குச் சேரவேண்டியது இல்ல. காரியம் முடிஞ்ச மறுநாளு அவ மக கவிப்பிரியாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். டாக்டர்கிட்டப் போவ வேணாம்னது, எழுந்து உக்கார விடாதது, அந்தச் சீட்டு எனக்கு எழுதுனதுங்கறது, எல்லாத்தையும். அடிச்சாலும் வாங்கிக்கலாம்னுதான் போயிருந்தேன்.

அவ துணி மடிச்சுக்கிட்டே சொன்னா. "தெரியும் பெரிம்மா. நீங்க அந்தப் பக்கம் போனதும் அம்மா எழுந்து செவத்துல சாஞ்சுக்கும். ராத்திரி பூரா உக்காந்துக்கிட்டேதான் தூங்கும். காலையில பஸ்ஸுக்குக் கூப்பிட வர்ற உங்க கொரல் கேட்டதும் அவசர அவசரமா படுத்து, காலை எடுத்துப் பெட்டி மேல வெச்சுக்கும்."

"ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நானும் அதத்தான் அம்மாவைக் கேட்டேன். பெரிம்மா நமக்காக இவ்வளவு செய்யுது, சொன்னா அது மனசு நோவும், திட்டும்னுச்சு. உங்ககிட்டப் பேச எங்க எல்லாருக்கும் பயம் பெரிம்மா."

அந்தப் புள்ள அதக் கோவத்துலகூட சொல்லல. மடிச்ச துணிய எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. நான் அங்கயே உக்காந்து, வூடு அதிர அழுதேன்.