கத்திரிக்காய் கலர் வீரா

"கத்திரிக்கா கலர்ல ஊரையே சுத்துன காடிய நான் எந்த வாயால வெள்ளைன்னு சொல்றது?"

"கிராண்ட்ல என்ன இருக்கோ அதச் சொல்லுங்கப்பா. அது பொய்யில்லலா."

"அப்ப நீயே போய்ச் சொல்லு."

"காடி உங்க பேர்ல இருக்கு. நான் எப்படி போலிஸ்ல ரிப்போர்ட் கொடுக்கறது?"

இந்த இடத்தில்தான் நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். குனோங் ராபாட்டில் எங்கள் இரண்டு வரிசை வீடுகளுக்கும் நடுவே இருப்பது ஒன்றரைக் காடி அகலத்துக்கு ஒரு சாலை. எதிர்வீட்டில் சண்டை என்றால் ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் சிரமப்பட வேண்டும். அந்தச் சிரமத்தை நான் எடுத்துக்கொள்வதில்லை.

சன்னாசி அண்ணன் கையில் பிளாஸ்டிக் உறை போட்ட கிராண்டோடு, அதாவது காடியின் பதிவு அட்டையோடு, கேட்டுக்கு உள்ளே நின்றார். அவர் பிள்ளை யுகேந்திரன் கேட்டுக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில், காலையில் அவன் காடி நின்றிருந்த இடத்தில் நின்றான். அங்கே எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அதை மிதிக்காமல் காலை அகட்டி நின்றுகொண்டிருந்தான்.

அந்த புரோட்டோன் வீரா காரைச் சன்னாசி அண்ணன் வாங்கியபோது அது வெள்ளைதான். யுகேந்திரன் அப்போது ஆரம்பப் பள்ளி. பிறகு அண்ணன் ஸ்கூல் வேன் எடுத்தார், காடி பிள்ளை கைக்குப் போனது, பேர் மாற்றுவதை மட்டும் இரண்டு பேரும் மறந்துபோனார்கள். பையன் முதலில் ரிம்மை மாற்றினான். அப்புறம் புகைக்குழாய். அன்றிலிருந்து எங்கள் வரிசையில் யாருக்கும் அலாரம் தேவைப்படவில்லை. அப்புறம் சீட்டு, பொன்னெட், ஸ்டியரிங். ஒரு தீபாவளி லீவில் ஜப்பான் காடி ஒன்றின் பழைய எஞ்சினை உள்ளே இறக்கினான். கடைசியாக ஊதா. கத்திரிக்காயை எண்ணெயில் புரட்டி வெயிலில் வைத்ததைப் போல ஒரு மினுமினுப்பு. நிறத்தை மாற்றினாலும் எஞ்சினை மாற்றினாலும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் சொல்லி அட்டையில் ஏற்ற வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். "நாளைக்குப் போறேன்பா" என்று அவன் சொல்ல ஆரம்பித்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

ஹுத்தான் மெலிந்தாங்கில் அவனுக்குக் குமுதா என்று ஒரு பெண்ணை நிச்சயம் செய்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் காடியில்தான் போவான். மாப்பிள்ளை வருவது ஊர் எல்லையிலேயே கேட்டுவிடுவதால் சட்டை போட்டுக்கொள்ள நேரம் கிடைக்கிறது என்று குமுதாவின் அப்பா சொல்வாராம். அதைப் புகழ்ச்சி என்று நினைத்து யுகேந்திரன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

காடி காணாமல்போனது வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பட்டப்பகலில், எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால். இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்தக் காடி ஓடிய நாளைவிடப் படுத்த நாள்தான் அதிகம். மாதத்துக்கு இரண்டு தடவையாவது டோ லாரி வந்து அதை அவன் கூட்டாளி ஷர்வின் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போகும். அன்றும் யுகேந்திரன் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போயிருந்தான். காடிக்குச் சூடு ஏறுகிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனது எனக்கும் கேட்டது. ஆகவே லாரி வந்தபோது யாரும் தலையைத் தூக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சீனத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லாரி பின்னால் வர என் கறிவேப்பிலைத் தொட்டி இடைஞ்சலாக இருந்தது. நானே நகர்த்திக் கொடுத்தேன். "தேங்க்யூ ஆண்டி" என்றான் லாரிப் பையன். முன்பம்பர் தாழ்வு, தரையில் இடிக்கும், கட்டையைக் கொடுத்து ஏற்று என்று சொன்னதும் நான்தான். ரொம்பப் பொறுப்பாக ஏற்றினான். ஷர்வின் லாரியே அனுப்பவில்லை என்று யுகேந்திரன் வேலை முடிந்து வந்த பிறகுதான் தெரிந்தது.

யுகேந்திரனின் அம்மா நவமணி என்னைப் பார்த்ததும் சண்டையின் திசையை மாற்றினாள்.

"ஏன் கலா, இந்த லைன்ல பூனை தும்முனாக்கூட எனக்கு வந்து சொல்லுவ. லாரி நம்பர் பாக்கலயா?"

"பல்லுல கம்பி கட்டியிருந்தான்," என்றேன். "முழங்கைக்குக் கீழ தேள் பச்சை."

"பச்சை குத்தினத பாத்திருக்கா. நம்பர பாக்கல."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

யுகேந்திரன் குரலை இறக்கினான். "அப்பா, ஊதான்னு சொன்னீங்கன்னா ஏன் மாத்தலன்னு கேப்பாங்க. காடி கெடைச்சா பொன்னெட்டத் தொறப்பாங்க. எஞ்சின் நம்பரு வேற. பேர் போட்டிருக்கவரு நீங்க. நாளைக்கு வேன் லைசன்ஸ் புதுப்பிக்கப் போனா அது முன்னாடி வந்து நிக்கும்."

"பொய் சொன்னது தெரிஞ்சா மட்டும் மாலை போடுவாங்களா?"

இதுதான் விஷயம். சன்னாசி அண்ணனுக்கு அறுபத்தொரு வயது. பன்னிரண்டு வருடமாக அடுத்தவர் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். அந்த லைசன்ஸ் போனால் அந்த வயதில் வேறு வேலை இல்லை. வேலையைவிட, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா காலை ஆறரைக்குத் தூக்கக் கலக்கத்தோடு பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகிறாளே, அது அவருக்குப் பெரிது. இதை அவர் சொன்னதில்லை. வேன் கண்ணாடியை அவர் துடைக்கிற விதத்தைப் பார்த்தால் தெரியும்.

கடைசியில் நவமணிதான் முடித்து வைத்தாள். "நீங்க ஒண்ணும் பேச வேணாம். அட்டைய மேசையில வைங்க. அவங்களே பாத்து எழுதிக்கட்டும்."

அப்படித்தான் நடந்தது. போலிஸ் நிலையத்தில் ஓர் இளம் போலிஸ்காரர் அட்டையைப் பார்த்து எண்ணைத் தட்டினார், மலாயில் 'பூத்தே', அதாவது வெள்ளை, என்று நிறத்தைத் தட்டினார், கையெழுத்துப் போடச் சொன்னார். திரும்பி வந்த சன்னாசி அண்ணன் என் கேட்டருகே நின்று, "நான் வாயே தொறக்கல கலா. காகிதந்தான் பேசிச்சு," என்றார். ஆனால் அன்றிலிருந்து அவர் நிஜமாகவே வாயைத் திறப்பதை விட்டுவிட்டார். வேனில் பிள்ளைகள் ஏறும்போது ஒவ்வொருவர் பேரையும் சொல்லிக் கிண்டல் செய்வார், அது நின்றது. திங்கட்கிழமை ஒரு தாய், "அண்ணே, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டதற்கு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த ஒரு வாரம் எங்கள் வட்டாரத்தில் விசித்திரமான தேடல் நடந்தது. போலிஸ் ஒரு வெள்ளை வீராவைத் தேடியது. யுகேந்திரனின் கூட்டாளிகள் வாட்ஸ்அப்பில் படம் போட்டு ஓர் ஊதா வீராவைத் தேடினார்கள். பையன் வேலை முடிந்து வந்து வாசலிலேயே மோட்டாரில் உட்கார்ந்து, தூரத்தில் எந்தக் காடி உறுமினாலும் தலையைச் சாய்த்துக் கேட்பான். அப்புறம் இல்லை என்று தனக்குள்ளே உதட்டைப் பிதுக்குவான். ஞாயிற்றுக்கிழமை ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போகவில்லை. "மோட்டார்ல வந்தா என்ன, கதவு தொறக்க மாட்டமா?" என்று குமுதா போனில் கேட்டிருக்கிறாள். நவமணி எனக்குச் சொன்னது.

எட்டாம் நாள் பீடோர் போலிஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. முன்னாள் ரப்பர்த் தோட்டம் ஒன்றில், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை, உள்பாதையில் ஒரு காடி கிடந்தது, நிலையத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். அடிச்சட்டத்து எண் பொருந்துகிறது. உரிமையாளர் வந்து அடையாளம் சொல்ல வேண்டும். சனிக்கிழமை என்பதால் வேனுக்கு ஓய்வு. சன்னாசி அண்ணன் அதையே எடுத்தார். பிள்ளைகளுக்கான தாழ்ந்த சீட்டில் நானும் நவமணியும் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து போனோம். நான் எதற்கு என்று கேட்கலாம். லாரிக்காரனைப் பார்த்த ஒரே சாட்சி நான்தானே.

நிலையத்தின் பின்வாசலில், துருப்பிடித்த மோட்டார்களுக்கு நடுவே, அது நின்றது. ரிம் இல்லை, நான்கு பக்கமும் செங்கல் கொடுத்திருந்தார்கள். சீட்டு இல்லை. ஸ்டியரிங் இல்லை. பொன்னெட் இல்லாததால் எஞ்சின் இருக்க வேண்டிய குழியைக் குனியாமலே பார்க்க முடிந்தது. நாலைந்து ஒயர்கள் தொங்கின. யுகேந்திரன் வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஒவ்வொன்றையும், வேறொன்றையும் தொடாமல், பொறுக்கி எடுத்துப் போயிருந்தார்கள். கூட்டாளிகள்கூட அவன் காடியை இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். எடுத்ததோடு நிற்கவில்லை. வேறு பிளேட் மாட்டி விற்கலாம் என்று யோசித்து, ஊதா ஊர் முழுக்கத் தெரிந்த நிறம் என்பதால், மேலே மலிவாக ஒரு பூச்சு அடித்திருந்தார்கள். அப்புறம் மனம் மாறித் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வெள்ளை.

நவமணி என் கையைக் கிள்ளினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். போலிஸ் சார்ஜன் கையில் இருந்த ரிப்போர்ட்டையும் காடியையும் மாறி மாறிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். வெள்ளை வீரா தேடினோம், வெள்ளை வீரா கிடைத்தது. அந்த நிமிடத்தில் சன்னாசி அண்ணன் பேசாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

யுகேந்திரன் காடியை ஒருமுறை சுற்றி வந்தான். விரலால் பூச்சைத் தடவினான். வெள்ளை தூளாக ஒட்டியது.

"இது என் காடி இல்ல," என்றான்.

சார்ஜன் எண்ணைக் காட்டினார். அவன் பார்க்கவில்லை. "இல்லலா. என்னோடது இல்ல. வாங்க போலாம்."

சார்ஜனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கதவை இழுத்துத் திறந்தார். திருடனுக்குக் கதவின் உள்விளிம்பு வரைக்கும் பொறுமை இருக்கவில்லை. அங்கே கத்திரிக்காய் பளபளவென்று இருந்தது. அவர் நிமிர்ந்து மலாயில் கேட்டார்: அட்டையில் வெள்ளை, ரிப்போர்ட்டில் வெள்ளை, உள்ளே ஏன் ஊதா?

யுகேந்திரன் அப்பாவைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றான். திருடன் அடித்திருப்பான் என்று ஒரு வார்த்தை போதும். எனக்கே நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நவமணி இன்னொருமுறை கிள்ளினாள்.

சன்னாசி அண்ணன் மலாயில்தான் சொன்னார், மெதுவாக, பிள்ளைகளிடம் பேசுவதைப் போல. காடி என்னுடையது. என் மகன் ஊதா அடித்தான். எஞ்சினையும் மாற்றினான். இலாகாவில் சொல்லவில்லை. ரிப்போர்ட் கொடுத்த அன்று எனக்குத் தெரியும், ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. பிழை என்னுடையது. நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன், அதோ நிற்கிறது, நம்பரை எழுதிக்கொள்ளுங்கள்.

சார்ஜன் வேனைப் பார்த்தார். வேன் வாசலில் நின்றிருந்த எங்கள் இருவரையும் பார்த்தார். பேனாவால் காதைச் சொறிந்தார். எஞ்சின் இல்லாத குழிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கதவைத் தள்ளிச் சாத்தினார்.

"இப்போது வெள்ளைதானே," என்றார். "பழைய எஞ்சின் வீட்டில் இருக்கிறதா? அதையே போட்டு, முறையாகப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். இங்கே கையெழுத்து."

திரும்பி வரும்போது யுகேந்திரன் முன்சீட்டில் உட்கார்ந்து, தாப்பா தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எதுக்குப்பா அப்படிச் சொன்னீங்க? நான்தான் என்னோடது இல்லன்னு சொல்லிட்டேன்ல."

"உன்னோடது இல்லதான்," என்றார் சன்னாசி அண்ணன். "உன்னோடத அவனுங்க கொண்டு போயிட்டானுங்க. மிச்சம் என்னோடது. அத எப்படிடா நான் இல்லன்னு சொல்றது?"

திங்கட்கிழமை காலை சன்னாசி அண்ணன் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கிண்டல் செய்யும் சத்தம் எனக்குக் குளியலறைவரை கேட்டது.

பழைய எஞ்சின் பின்பக்கம் கென்வாஸ் மூடிக் கிடந்தது. நவமணி அதன்மேல் வடகம் காயவைப்பாள். ஷர்வின் பட்டறையில் மூன்று ஞாயிறு குனிந்து யுகேந்திரனே அதையும், பழைய சாமான் கடையில் வாங்கிய ரிம், சீட்டு, ஸ்டியரிங், பொன்னெட்டையும் மாட்டினான். ஓட்டிப் பார்க்கச் சொன்னபோது சாவியை அப்பா கையில் கொடுத்துவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டான். யார் என்ன சொல்லியும் அந்தக் காடியில் அவன் உட்காரவில்லை. கையில் தேள் வைத்திருந்தவனைப் பிடித்ததாக இதுவரை தகவல் இல்லை. நான் மட்டும் டோ லாரி எது வந்தாலும் நம்பரை எழுதி வைக்கிறேன்.

ஆவணியில் ஹுத்தான் மெலிந்தாங் கோயிலில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையை ஷர்வினின் மஞ்சள் காடியில் ஏற்றினார்கள். ஆனால் வழி தெரிந்தவன் நான்தான் என்று சன்னாசி அண்ணன் வெள்ளை வீராவை எல்லாருக்கும் முன்னால் விட்டுவிட்டார். அவர் வேன் ஓட்டும் வேகம்தான், நாற்பது. பின்னால் பதினொரு காடி, ஒவ்வொன்றும் பெருமூச்சு விட்டுக்கொண்டு, ஒன்றுகூட முந்தாமல் வந்தது. எந்தக் காடியும் உறுமாததால் அன்றைக்குச் சம்பந்திக்குச் சட்டை போட நேரம் கிடைக்கவில்லையாம்.

அடுத்த மாதமே இருவரும் ஜோகூருக்குப் போய்விட்டார்கள். அவன் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் பஸ் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்கிறான். குமுதாவுக்கு ஜோகூரிலேயே ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. காடி வாங்கவில்லை.

போன ஞாயிறு வீராவின் எஞ்சின் விட்டு விட்டு அடித்தது. ஷர்வினைக் கூப்பிடாமல் சன்னாசி அண்ணன் ஜோகூரில் இருக்கும் பிள்ளைக்குப் போன் போட்டார். பொன்னெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, போனை இரண்டு கையாலும் எஞ்சினுக்கு மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

"கேக்குதா?"

"ம். பேசாதீங்கப்பா. கொஞ்சம் கிட்ட வைங்க."

அவர் கிட்ட வைத்தார். எதிரே நான் துணி அலசிக்கொண்டிருந்தேன், குழாயை மூடினேன். சூட்டில் அண்ணனின் மூக்குக் கண்ணாடி மங்கிப்போயிருந்தது. துடைக்கக் கை இல்லாமல், அப்படியே குனிந்து நின்றார். எஞ்சின் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது, போனின் அந்தப் பக்கத்தில் பையன் கேட்டுக்கொண்டிருந்தான்.