பூண்டுப் பல்லைச் சுற்றிய பதினோரு பேர்

பலகையில் வரைந்ததை நம்புகிறவன் வயலில் கிடப்பதை நம்ப மாட்டேன் என்கிறான், இந்தக் காலத்து ஆட்களின் புத்தி அப்படித்தான் போகிறது என்று பூண்டு விவசாயி குழந்தைவேல் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்த ஆடி மாதத்தில், மலையூரான கவுஞ்சியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேரும் ஒரு பூண்டுப் பல்லைச் சுற்ற ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டாம் பீரியடில் ஆரம்பித்தது, ஆண்டுத் தேர்வு முடியும்வரை நிற்கவில்லை. அந்த வாரம் உருளைக்கிழங்கு கிலோ இருபத்தெட்டு ரூபாய்க்குப் போனது.

வேதியியல் டீச்சர் சுகன்யா மலைக்குக் கீழே அய்யம்பாளையத்துப் பெண். அணு எப்படி இருக்கும் என்று பலகையில் வரைந்து காட்டியபோது, பிள்ளைகள் வாசல் கோலத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதனால் மைதானத்துக்குக் கூட்டிவந்து, நடுவில் ஒரு பூண்டுப் பல்லை வைத்தாள். இதுதான் அணுவின் கரு, அணுவின் எடை கிட்டத்தட்ட மொத்தமும் இதற்குள்தான், நீங்களெல்லாம் எலக்ட்ரான் என்றாள். கரு பூண்டுப் பல் அளவு என்றால் வெளிவட்டத்து எலக்ட்ரான் ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று கணக்கும் சொன்னாள். முதல் வட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம், அவர்களைப் பள்ளிச் சுவருக்கு வெளியே நிறுத்தினாள். அடுத்த வட்டத்தில் எட்டுப் பேர், அவர்கள் சரிவின் நடுவே. மிச்சம் ஒருத்தி மட்டும் மலை முகட்டில், சோலைக்காட்டு ஓரம். அந்த ஒருத்தி புவனா, குழந்தைவேலின் பேத்தி. அவளுடைய அம்மாவும் அப்பாவும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிவிட்டதால், குழந்தைவேலிடமும் அவர் மனைவி வேலுத்தாயிடமும் வளர்ந்தவள். டீச்சர் விசில் ஊதியதும் எல்லோரும் சுற்றினார்கள். நிற்கச் சொல்லி ஊதிய விசில் யார் காதிலும் ஏறவில்லை.

அவர்கள் கால் பட்ட இடத்தில் பூண்டுத் தாள் ஒன்றுகூட மடங்கவில்லை, அத்தனை லேசாகிவிட்டார்கள். எந்த நேரத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. இந்தப் பக்கம் இருப்பார்கள் என்று சொல்லலாம், விரலை நீட்டிக் காட்ட முடியாது. தலைமை ஆசிரியர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் பதினோரு பேருக்கும் ‘எங்கேயோ இருக்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலுத்தாய் காலையில் மேல்பாத்தி வரப்பில் கஞ்சித் தூக்கை வைத்துவிட்டு வருவாள். சாயங்காலம் தூக்கு காலியாகி, கழுவிக் கவிழ்த்திருக்கும்.

மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட குழந்தைவேல் நான்காம் நாள் டீச்சரிடம் போனார்.

“பல்லுக்கும் எம் பேத்திக்கும் நடுவுல என்ன இருக்கு, டீச்சரம்மா?”

“ஒண்ணுமில்லங்கய்யா. அணுன்னாலே பெரும்பாலும் வெத்து எடந்தான்.”

“நடுவுல எம் பூண்டுப் பாத்தியில்ல இருக்கு. அஞ்சு படியா எறங்குது. நீங்க பாட்டுக்கு வெத்து எடம்னு சொல்லிட்டுப் போயிருவீங்க. நாளைக்கு ஒருத்தன் டேப்பத் தூக்கிட்டு வந்து, சும்மாதான கெடக்குன்னு காட்டேஜ் கட்டுவான். மேல ரெண்டு கொல்லை அப்படித்தான் போச்சு.”

டீச்சர் வேறொன்றைச் சொன்னாள். வெளிவட்டத்தில் ஒற்றையாக இருப்பதற்குப் பிடிமானம் குறைவு, பக்கத்தில் எங்காவது ஓரிடம் காலியாக இருந்தால் அது போய்விடும் என்றாள். குழந்தைவேலுக்கு அணு விளங்கவில்லை. இது விளங்கியது. மகள் அப்படித்தான் போனாள். அவரிடம் மிச்சம் இருந்தது இந்த ஒருத்தி.

பல்லைத் தூக்கி முகட்டுப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டால் பேத்தி மேல் பிடி இறுகும் என்று அவர் கணக்குப் போட்டார். மறுநாள் வெள்ளனே மைதானத்துக்குப் போய்க் குனிந்து எடுத்தார். வரவில்லை. அறுபது கிலோ மூட்டையை நாற்பது வருடம் முதுகில் ஏற்றிய ஆள் அவர். கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார், கடப்பாரை வளைந்தது. கிழங்கு லாரியில் சங்கிலி கட்டி இழுக்கச் சொன்னார், சங்கிலி அறுந்து லாரி முன்னால் ஓடி நின்றது. பூண்டுப் பல் தோல்கூட உரியாமல் கிடந்தது.

“ஒத்தப் பல்லத் தூக்க முடியல, இதுல ஊருக்கெல்லாம் நாயம் சொல்ல வந்துட்டீக” என்றாள் வேலுத்தாய்.

“அதுக்குள்ள என்னமோ வச்சிருக்காக.”

“எடைய வச்சிருக்காக. அதத்தான டீச்சர் அன்னைக்கே சொல்லுச்சு.”

நாற்பத்தோராம் நாள் சாயங்காலம் கஞ்சித் தூக்கு தொடாமல் இருந்தது. அன்றைய கடைசி பஸ்ஸில் வந்தவர்கள் காரணத்தைச் சொன்னார்கள். பக்கத்து மலையூர் மன்னவனூரில் ஞானவேல் வாத்தியார் அதே பாடத்தை ஒரு துண்டு உருளைக்கிழங்கை வைத்து நடத்தியிருக்கிறார். அங்கே பதினேழு பிள்ளைகள். இரண்டு, எட்டு போக வெளிவட்டத்தில் ஏழு பேர். அந்த வட்டம் நிறைய எட்டு வேண்டும், ஒரு இடம் காலி. புவனா அதில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

குழந்தைவேல் மன்னவனூருக்கு இரண்டு மணி நேரம் நடந்து போய், ரோட்டோரப் பாறையில் உட்கார்ந்தார். அவள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பேச்சாகப் பேசினாள்.

“தாத்தா, சாப்பிட்டியா?”

“வீட்டுக்கு வா, புள்ள.”

அடுத்த சுற்றில், “இங்க ஒரு எடம் இருந்துச்சு, தாத்தா.”

“நம்ம வீட்டுல எடமில்லையா?”

அதற்கடுத்த சுற்றில், “அங்க மொகட்டுல ஒத்தையில சுத்துனேன், ஒரே காத்து. இங்க பேச்சுத்தொணைக்கு ஏழு பேரு.”

“புரட்டாசில பூண்டு எடுக்கணுமே, யாரு வருவா?”

அவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் பாறையைத் தாண்டிவிட்டாள். அவர் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கவில்லை.

திரும்பி வர ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. கோபத்தில் கால் வெரசாப் போயிருக்கும் என்று நினைத்தார். அடுத்த வாரம் போனபோது ஒரு மணி நேரம். ஆவணி முடியும்போது ஒரு பீடி தீர்வதற்குள் மன்னவனூர் வந்துவிட்டது. ஒன்றைக் கொடுத்த ஊரும் ஒன்றை வாங்கிய ஊரும் ஒன்றையொன்று இழுக்கும், அதுதான் விதி என்றாள் சுகன்யா டீச்சர். இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த வளைவுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மினி பஸ்காரர் மட்டும் டிக்கெட்டைக் குறைக்கவில்லை. கவுஞ்சியில் மிச்சமிருந்த பத்துப் பேரும் வட்டங்கள் நிறைந்துவிட்டதால் அலட்டாமல் சுற்றி, வீட்டுப்பாடம்கூடச் சுற்றிக்கொண்டே எழுதினார்கள்.

புரட்டாசியில் குழந்தைவேல் கூலிக்கு ஆள் சொல்லாமல் தனியாகவே பாத்தியில் இறங்கினார். மேல்பாத்தியில் ஒரு வரிசை ஏற்கெனவே பிடுங்கி, மண் உதறி, தாளைச் சேர்த்துக் கட்டிக் கிடந்தது. இரண்டு ஊரும் அத்தனை நெருங்கியதில் மன்னவனூரின் வெளிவட்டம் அவருடைய மேல்பாத்தியை உரசிக்கொண்டு போனது. அவர் பார்த்திருக்கும்போதே இன்னொரு பிடி பூண்டு மண்ணைவிட்டு வெளியே வந்தது.

“தாத்தா, கட்டு சரியா விழுந்திருக்கா?”

“கொஞ்சம் இறுக்கிக் கட்டு.”

வரப்புக் கற்களின்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது, சின்னச் சின்னச் சதுரக் கட்டிகளாக. வேலுத்தாய் ஏற்கெனவே ஒரு டப்பா வழித்துக் குழம்பில் போட்டிருந்தாள். சாதாரண உப்புதான். அதற்கப்புறம் கவுஞ்சியில் உப்புக்காக யாரும் கடைக்குப் போவதில்லை. தேர்வு முடிந்து பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல இறங்கி வந்த பிறகும் அது பூக்கிறது, ஊர்களும் விலகவில்லை. பூண்டுப் பல் மைதானத்திலேயே கிடக்கிறது. பிள்ளைகள் அதைத் தாண்டி விளையாடுகிறார்கள்.

பூண்டு எடுத்து முடித்த அன்று டீச்சர் வரப்பில் வந்து நின்றாள்.

“பதினொண்ணும் பதினேழும் சேர்ந்தா உப்புதான், இப்பவாவது நம்புறீங்களாய்யா?”

குழந்தைவேல் கல்லிலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பு உப்புதான், அதுல பேச்சில்ல. நடுவுல ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க பாருங்க, அத நான் ஒத்துக்க மாட்டேன்.”

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினார். ஐந்து படிகளில் ஒவ்வொன்றிலும் ஒருமுறை நின்று, மண் இருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்த்துவிட்டே அடுத்ததில் கால் வைத்தார்.