ஜூலை பதினாலுக்குள் ஒரு தக்காளி

செபாஸ்தியன் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். இது அவருக்குப் பெருமை. அவர் மனைவி லோரான்ஸுக்கு முப்பத்தாறு வருடத் தலைவலி. ஒருமுறை மைத்துனர் காரில் ஏசி போடவில்லை என்று கோபித்துக்கொண்டு, "இனிமே உன் வண்டியில கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு பதினோரு வருடம் குடும்பத்துக் கல்யாணங்களுக்கு எல்லோரும் காரில் போக, இவர் மட்டும் கோட்டும் டையுமாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். மைத்துனருக்கோ அப்படி ஒரு சபதம் நடந்ததே ஞாபகமில்லை.

அதனால்தான் ஈஸ்டர் விருந்தில் அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தபோது லோரான்ஸ் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவர்கள் காரைக்காலுக்குத் திரும்பி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் பாரிஸுக்கு வெளியே, ஓர் அடுக்குமாடியின் ஐந்தாவது மாடியில் முப்பத்தோரு வருடம். செபாஸ்தியன் பிரெஞ்சு ராணுவத்தில் காப்ரால் ஷெஃப்பாக, அதாவது மூத்த கார்ப்பரலாக இருந்து ஓய்வுபெற்றவர். போர்முனைக் கதைகள் நிறைய வைத்திருந்தார். கம்பளி, காலணி, தலையணை உறை அடங்கிய கிடங்கில்தான் பெரும்பாலும் வேலை பார்த்தார் என்பதை அந்தக் கதைகளில் சேர்ப்பதில்லை. லோரான்ஸ் ஒரு பள்ளிச் சமையற்கூடத்தில் பாத்திரம் தேய்த்தாள். வீட்டில் கருவாடு வறுத்தால் கீழ்வீட்டம்மாள் தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்வாள். ஒருமுறை வண்டி வந்தே விட்டது. தலையில் கவசம் மாட்டிய நான்கு பேர் வாசலில் நிற்க, லோரான்ஸ் கையில் நெத்திலியோடு மன்னிப்புக் கேட்டாள். இங்கே கருவாடு வறுத்தால் பக்கத்துவீட்டு ஆஸியா பீவி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, எனக்கு ரெண்டு எடுத்து வைங்க" என்கிறாள். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே செத்தாலும் இங்கேதான் என்று லோரான்ஸ் முடிவு செய்திருந்தாள்.

விருந்தில் வினையைக் கிளப்பியது கியோம். அவரும் ஓய்வுபெற்றவர்தான், திரும்பி வந்து ஆறு வருடம் ஆகிறது. ஆகவே ஊரில் யார் தங்குவார்கள், யார் ஓடுவார்கள் என்று சான்றிதழ் வழங்கும் அதிகாரம் தனக்கு இருப்பதாக நினைப்பு.

"ஒரு வருஷம் தாங்க மாட்டீங்க, செபாஸ்தியன். தோட்டம் போட்டீங்களாமே, என்ன ஆச்சு?"

தோட்டத்துக்கு என்ன ஆயிற்று என்பது தெருவுக்கே தெரியும். செபாஸ்தியன் பாரிஸிலிருந்து பெரிய ரகத் தக்காளி விதை பாக்கெட்டுகள் கொண்டுவந்திருந்தார். 'மார்ச்சில் விதைக்கவும்' என்று போட்டிருந்தது, விதைத்தார். 'கடும் பனியிலிருந்து காக்கவும்' என்றும் போட்டிருந்தது. காரைக்காலில் கடும் பனி எப்போது விழுந்தது என்று அவர் விசாரிக்கவில்லை. பாத்தி முழுக்க பாலித்தீன் போர்த்தி, நாலு பக்கமும் செங்கல் வைத்து இறுக்கினார். நான்கு நாள் கழித்துத் திறந்தபோது இட்லிக் கொப்பரையைத் திறந்ததுபோல் ஆவி அடித்தது. முளைவிட்டிருந்த விதைகள் வெந்து போயிருந்தன.

"ஆடியில போடுங்க. எங்க ஊரு நெடுங்காட்டுல எல்லாம் அப்பதான்" என்று லோரான்ஸ் அன்றைக்கே சொன்னாள்.

"பாக்கெட்டுல ஆடின்னு போடலையே" என்றார் அவர்.

இப்போது கியோமின் கேள்விக்கு அவர் எழுந்து நின்றே பதில் சொன்னார். கையில் ஒயின் கிளாஸ். எதிரே நான்கு விருந்தாளிகளும் ஒரு கோழிப் பிரியாணியும்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. ஜூலை பதினாலுக்குள்ள இந்த மண்ணுல என் கையால ஒரு தக்காளி பழுக்கலைன்னா, இந்த மண்ணுக்கு நான் வேணாம்னு அர்த்தம். வீட்டப் பூட்டிட்டுக் கிளம்பிடுவேன்."

யாரும் கேட்காத வாக்குறுதி. ஆனாலும் கியோம் கைதட்டினார். "பதினாலாம் தேதி கொடியேத்தத்துக்கு அப்பறம் நேரா இங்க வரேன், பார்க்க."

ஜூலை பதினாலு பிரெஞ்சுக் குடியரசு நாள். ஊரிலிருக்கும் பழைய சிப்பாய்கள் பதக்கங்களோடு கூடிக் கொடியேற்றும் நாள். செபாஸ்தியனுக்கு அதைவிடப் புனிதமான தேதி கிடையாது. லோரான்ஸ் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

பாரிஸிலிருந்த மகள் மார்கெரித் வாரம் ஒருமுறை அதே கேள்வியோடு போன் செய்தாள். "அம்மா, அந்த அஞ்சாம் மாடி வாடகை வீட்ட விட்டுடவா வச்சிருக்கவா? ஆகஸ்டுக்குள்ள எழுதிக் குடுக்கணும். விட்டா திரும்பக் கிடைக்காது."

"இரு. தக்காளி என்னன்னு பார்ப்போம்" என்று லோரான்ஸ் சொல்ல வேண்டியிருந்தது. படித்த பெண்ணிடம் இப்படிச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாவது முறை 'நல்ல வெயில் படும் இடத்தில்' விதைத்தார். ஏப்ரலில் வெயில் படாத இடம் காரைக்காலில் கிடையாது. தினமும் உச்சி வேளையில் தொப்பி போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். முளைத்த பத்தும் சுருண்டன. விதைக் கம்பெனிக்கு மூன்று பக்கம் கண்டனக் கடிதம் எழுதினார். அவர்கள் வருத்தம் தெரிவித்து இன்னொரு பாக்கெட்டை இலவசமாக அனுப்பினார்கள். அந்தப் பாக்கெட்டை மண்ணில் போடுமுன்பே ஆஸியா பீவியின் கோழிகள் பார்த்துக்கொண்டன. கோழிகளை அவர் பிரெஞ்சில் திட்டினார். அவை தமிழில் திட்டினாலும் கேட்பதில்லை.

அப்போதுதான் முதல் வரிசையில் ஒரு செடி தானாக எழுந்தது. செபாஸ்தியன் அதைச் சுற்றி முள் வைத்து, குச்சி நட்டு, பிரெஞ்சில் 'தொமாத் எண் 1' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார். மகளுக்குப் படம் அனுப்பினார்.

ஆஸியா பீவி சுவரோரமாக வந்து பார்த்தாள். பிறகு லோரான்ஸைப் பார்த்தாள்.

"அக்கா, இது…"

"தெரியும் ஆஸியா. வாய மூடு."

"கத்திரில்ல?"

"மூடுங்கறேன்ல."

பாத்திரம் கழுவிக் கொட்டின தண்ணீரில் வந்த கத்திரி விதை. வேறு எந்த வீட்டிலும் இதைச் சின்னக் குழந்தையே சொல்லிவிடும். ஆனால் பத்தொன்பது வயதில் கப்பலேறி, கம்பளிக் கணக்கோடு வாழ்ந்த மனிதரிடம் போய் யார் சொல்வது? சொன்னால் தக்காளி இல்லை. தக்காளி இல்லையென்றால் ஐந்தாம் மாடி.

ஜூனில் செடி ஊதாப் பூ பூத்தது. தக்காளிப் பூ மஞ்சளாக அல்லவா இருக்கும் என்று அவர் கேட்பார் என்று லோரான்ஸ் பயந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, "உயர்ந்த ரகம்" என்றார். அத்தோடு சரி.

ஜூலை பிறந்ததும் காய்க்கத் தொடங்கியது. லோரான்ஸ் விடிவதற்குள் எழுந்து ஒவ்வொரு கத்திரிக்காயாகப் பறித்து, சாம்பாரில் போட்டாள். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சொந்தத் தோட்டத்து விளைச்சலைத் தெரியாமலே ரசிக்கிறார், பாவம் என்று அவளுக்குத் தோன்றியது.

பதிமூன்றாம் தேதி மார்க்கெட்டில் நல்ல சிவப்பாக, கெட்டியாக இரண்டு தக்காளி பொறுக்கி எடுத்தாள். கியோமுக்குக் கத்திரி எது தக்காளி எது என்று தெரியாது. அவர் வீட்டில் எல்லாம் கழுவி நறுக்கின பிறகுதான் அவர் கண்ணுக்கு வரும். பூக்கட்டும் நாரால் செடிக் காம்போடு சேர்த்துக் கட்டிவிட்டால் பத்தடி தூரத்திலிருந்து பார்க்க அதுவே போதும். தப்புதான். அடுத்த முறை கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சொல்லிக்கொள்ளலாம். சுவாமியாரும் சமையல் தெரிந்தவர், புரிந்துகொள்வார்.

பதினாலாம் தேதி காலை ஐந்தரை. லோரான்ஸ் தக்காளியை முந்தானையில் முடிந்துகொண்டு கொல்லைக்கு இறங்கினாள். செடிக்குப் பக்கத்தில் யாரோ குந்தியிருந்தார்கள்.

மேலே நீலக் கோட்டு, அதில் வரிசையாகப் பதக்கங்கள். கீழே கட்டம்போட்ட கைலி. வாயில் ஒரு துண்டு நூல்.

"என்னங்க பண்றீங்க?"

செபாஸ்தியன் துள்ளி எழுந்தார். பதக்கங்கள் கிலுங்கின.

"ஆய்வு."

"கையில என்ன?"

அவர் கையைப் பின்னால் கொண்டுபோனார். அது வீண், செடியில் ஏற்கெனவே ஒரு தக்காளி தொங்கிக்கொண்டிருந்தது, ராணுவத்தில் மூட்டை கட்டும் முடிச்சோடு. பின்னால் இருந்தது இரண்டாவது.

"நீ எதுக்கு இந்நேரத்துல வந்த?" என்று அவர் அதட்டினார். எதிர்த்தாக்குதல்.

லோரான்ஸ் முந்தானையை அவிழ்த்துக் காட்டினாள். அவர் தன் கையிலிருந்த இரண்டாவதை அவற்றின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்.

"உன்னுது பெருசா இருக்கு" என்றார் அவர்.

"இது கத்திரிச்செடிங்க."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"பூ ஊதாவா வந்தப்பவே. நீ வெடிகாலையில பறிக்கறத ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். சாம்பார் நல்லாத்தான் இருந்துச்சு."

"பின்ன ஏங்க வாயத் தொறக்கல?"

அவர் நூலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "சொன்னா தக்காளி இல்லன்னு ஆயிடும். இல்லன்னா கிளம்பணும். சொல்லித் தொலைச்சிட்டேன்ல?" பிறகு, கிடங்கில் கணக்கு உதைத்தபோதுகூட வராத குரலில், "எனக்குப் போகப் பிடிக்கல, லோரான்ஸ். அங்க போனா நான் யாரோட சண்ட போடறது? அஞ்சு மாடி ஏறி வந்து டிவியப் பார்த்துத் திட்டணும். இங்க ஆறு மணிக்குக் கோழி, எட்டு மணிக்கு மீன்காரம்மா, பத்து மணிக்குக் கரண்ட் ஆபீசு. நாள் போறதே தெரியல."

லோரான்ஸுக்கு அழுகை வருவதற்குள் சுவருக்கு மேலே ஒரு தலை வந்துவிட்டது.

"என்னக்கா, ரெண்டு பேருமா சேர்ந்து கத்திரிச்செடிக்குத் தாலி கட்டறீங்களா?"

செபாஸ்தியன் கைலியைச் சரிசெய்துகொண்டார். "வாங்க தங்கச்சி. இல்ல, வராதீங்க."

"கட்டுனது அவுந்துடும்ணே. நாளைக்கு எவனாச்சும் வந்து இன்னொண்ணு காட்டுன்னா என்ன செய்வீங்க? மூணு நாள்ல ஆடி பொறக்குது. எங்கிட்ட நாட்டுத் தக்காளி விதை காயவச்சது இருக்கு. பாக்கெட்டெல்லாம் இல்ல, பேப்பர்லதான் மடிச்சிருக்கேன். பரவால்லையா?"

"படிக்க ஒண்ணுமில்லைன்னா ரொம்ப நல்லது" என்றாள் லோரான்ஸ். கணவரிடம் திரும்பினாள். "மண்ணுக்கு நீங்க வேணாம்னா சொல்லுச்சு? வெயில் காலத்துல போர்வ போத்துனா மண்ணு என்னங்க பண்ணும்? அவரு வந்ததும் உள்ளதைச் சொல்லிடுங்க."

"சொன்ன சொல்லு?"

லோரான்ஸ் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செடியிலிருந்த தக்காளியை அவிழ்க்கப் பார்த்தாள். அந்த முடிச்சு அவளுக்குக் கட்டுப்படவில்லை. கடைசியில் அவரே குனிந்து அவிழ்த்தார்.

கொடியேற்றம் முடிந்து செபாஸ்தியன் வீடு திரும்பிய பின்னாலேயே, பத்து மணிக்குக் கியோம் வந்தார். சட்டையில் மூவர்ண ரிப்பன், பையில் ஒரு பயண ஏஜென்டின் நம்பர் எழுதிய சீட்டு. உட்காரவேயில்லை.

"எங்க தக்காளி?"

லோரான்ஸ் அடுப்படியில் கரண்டியும் கையுமாக நின்றாள். எண்ணெய் காய்ந்து புகைந்தது, அவள் அசையவில்லை. முப்பத்தாறு வருடத்தில் கேட்காத ஒன்றைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

செபாஸ்தியன் தொண்டையைச் செருமினார். "தக்காளி வரல, கியோம். ரெண்டு தடவ போட்டேன். ரெண்டு தடவையும் நானே கொன்னுட்டேன்."

"அடடா. அப்ப கிளம்பறீங்க." கியோமின் கை பைக்குள் போனது.

"இல்ல." செபாஸ்தியன் ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "சொன்னத மாத்திக்கறேன்."

கியோம் சீட்டைக் கையில் வைத்தபடி நின்றார். ஜெயித்தால் என்ன பேசுவது, தோற்றால் என்ன பேசுவது என்று இரண்டுக்கும் தயாராக வந்திருந்தார். ஒரு மனிதன் நேராக ஒப்புக்கொண்டுவிடுவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சீட்டை மடித்து மறுபடி பைக்குள் போட்டார்.

"கத்திரிக்கா வந்திருக்கு. நம்ம செடியில. சாப்பிட்டுப் போங்க" என்றார் செபாஸ்தியன். லோரான்ஸ் அவசரமாக அடுப்பைத் தணித்தாள்.

மூன்று கத்திரிக்காயைக் கருவாட்டோடு சேர்த்துக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டாவது முறை சோறு வாங்கியபோது கியோமின் ரிப்பன் குழம்பில் பட்டது, அவர் கவனிக்கவில்லை. வேறெதையோ மனசில் வைத்துக்கொண்டு பிசைந்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லிடாதீங்க. நானும் மாடியில ஸ்ட்ராபெரி போடறேன். ஆறு வருஷமா. ஒண்ணுகூட வரல."

"எப்ப போடறீங்க?"

"மார்ச்சுலதான். பாக்கெட்டுல…"

செபாஸ்தியன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். காலையில் குந்தியிருந்த மனிதர் எங்கோ போய்விட்டார்; காப்ரால் ஷெஃப் திரும்பி வந்துவிட்டார்.

"பாக்கெட்டையா நம்புவாங்க? அதெல்லாம் அந்த ஊருக்கு. இங்க எது போட்டாலும் ஆடியில போடணும் கியோம். இதெல்லாம் அனுபவத்துல வர்றது, சொல்லிக் குடுத்து வராது."

ஸ்ட்ராபெரி ஆடியில் போட்டாலும் காரைக்காலில் வராது என்று லோரான்ஸுக்குத் தெரியும். அவள் கியோமுக்கு இன்னொரு துண்டு கருவாடு வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். பாரிஸில் அப்போது காலை ஏழு மணி இருக்கும். மூன்றாவது ரிங்கில் மார்கெரித் எடுத்தாள்.

"என்னம்மா காலங்காத்தால? தக்காளி பழுத்துடுச்சா?"

"இல்லடி. அஞ்சாம் மாடிய விட்டுடு. நாளைக்கே எழுதிக் குடுத்துடு."

"நெஜமாவா? அப்பா என்ன சொல்றாரு?"

லோரான்ஸ் உள்ளே எட்டிப் பார்த்தாள். செபாஸ்தியன் எழுந்து நின்று, கரண்டியால் காற்றில் பாத்தி வரைந்து கியோமுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"அவருக்கு இங்க நெறைய வேல இருக்கு" என்றாள்.