மிஸஸ் ப்ளென்கின்சாப்பின் மூன்றாம் வருகை

ஜெனீன் ஹெப்வொர்த்துக்கு 'முடியாது' என்ற ஒரு சொல் மட்டும் வாயில் வராது. மற்றதெல்லாம் வரும். வசவு கூட வண்டி வண்டியாக வரும். வாய்த்துடுக்குக்குப் பேர்போன பார்ன்ஸ்லியில் பிறந்தவளுக்கு அது வராமல் இருக்குமா? ஆனால் எதிரே நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்ல வேண்டி வந்துவிட்டால், தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு, 'பரவாயில்லைங்க' என்றுதான் வெளியே வந்து விழும்.

இருபது வருஷம் ஒரு சோபாக் கடையில், வேண்டாமென்று கொண்டுவரும் சாமானைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷம் உட்கார்ந்து தேய்ந்து, நாய் இரண்டு முறை குட்டி போட்ட சோபாவை ஒருத்தர் தூக்கிவந்து "கலர் பிடிக்கல" என்றார். அதையும் வாங்கி வைத்தாள். கடை மூடியதற்கு அவள்தான் காரணம் என்று சொன்னால் பாவம். காரணமே இல்லை என்று சொன்னால் பொய்.

அப்புறம்தான், நாற்பத்து நாலு வயதில், வீடுகளுக்கு கேஸ் வேலை செய்யும் படிப்பில் சேர்ந்தாள். கை நல்ல கை. செம்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்தால் பார்க்கிறவர்கள் தடவிப் பார்ப்பார்கள். பாய்லரின் வயிற்றைத் திறந்து மூடுவது, குழாயில் கசிவு பார்ப்பது, புகை போகிற வழியைச் சோதிப்பது எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துத் தேர்வில் முதல் மதிப்பெண். ஒரே ஒரு தேர்வுதான் காலை வாரியது. ஆபத்தான அடுப்பைக் கண்டால், வீட்டுக்காரர் அழுதாலும் புரண்டாலும் அதை அணைத்துவிட்டு வர வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால் அவசர எண்ணுக்குப் போன் போட வேண்டும். அதாவது, முடியாது என்று சொல்ல வேண்டும்.

அந்தத் தேர்வில் வீட்டுக்காரராக வருபவர் தேர்வாளரே. ஹோல்கேட் கேஸ் பயிற்சி மையத்தின் தேர்வாளர் நார்மன் ஸ்ட்ரிங்கருக்கு வயது ஐம்பத்தெட்டு, தொப்பை, மீசை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஊர் மண்டபத்தில் நடக்கும் கூத்தில் புடைத்த மார்பும் பூப்போட்ட கவுனுமாகக் கிழவி வேஷம் கட்டி ஊரையே சிரிக்கவைக்கிற மனிதர். மிச்சம் பதினோரு மாசமும் அந்தக் கலையை எங்கே கொட்டுவது? தேர்வெழுத வந்தவர்கள் தலையில்தான். தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அவர் எண்பத்து மூன்று வயது மிஸஸ் ப்ளென்கின்சாப் ஆகிவிடுவார்.

முதல் தடவை மிஸஸ் ப்ளென்கின்சாப், "கண்ணு, அடுப்புக்குள்ள ஆப்பிள் பை பலகாரம் வேகுது. அது வெந்தப்புறம் அணைச்சுக்கலாமே?" என்றாள். ஜெனீன் பை வேகிற வரை காத்திருந்தாள். அங்கே பையும் இல்லை, அடுப்பும் இல்லை. இருபது நிமிஷம் கழித்து நார்மன் துணியை அவிழ்த்துவிட்டு, "ஃபெயில்" என்றார்.

இரண்டாம் தடவை மிஸஸ் ப்ளென்கின்சாப் செத்துப்போன புருஷனை நினைத்து ஒப்பாரி வைத்தாள். ஜெனீனும் கூடச் சேர்ந்து அழுதாள். வியாழக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்து, இல்லாத கேக்கில் ஒரு துண்டும் சாப்பிட்டுவிட்டு வந்தாள். ஃபெயில்.

இன்றைக்கு மூன்றாவது, கடைசி. இதிலும் போனால் படிப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேக்ஃபீல்டில் ஒரு கம்பெனி திங்கட்கிழமைக்குள் தேறிவிட்டு வந்தால் வேலை என்று சொல்லி, வேனில் அவள் பெயரைக் கூட எழுதி வைத்திருந்தது. ராத்திரி முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று 'முடியாது, முடியாது' என்று சொல்லிப் பழகியிருந்தாள். கண்ணாடியில் தெரிந்தவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

காலையில் நார்மன் புது வெடியைப் போட்டார்.

"இந்தா பாரு ஜெனீன், இந்தத் தடவை தலையில துணி கிடையாது. போன வாரம் ஒருத்தன் 'துணியப் பார்த்ததுமே உஷாராயிட்டேன்'னு சொல்லிட்டான். அதனால மிஸஸ் ப்ளென்கின்சாப் இன்னிக்கு எப்ப வேணா வருவா, எங்க வேணா வருவா. சொல்லிட்டெல்லாம் வரமாட்டா. நெசத்துல மட்டும் சொல்லிட்டா வருது?"

"சரிங்க சார்" என்றாள் ஜெனீன். அவளுக்கு அதைத் தவிர வேறென்ன தெரியும்?

மற்ற சோதனைகளை எல்லாம் மதியத்துக்குள் ஊதித் தள்ளினாள். ஒவ்வொரு நிமிஷமும் கிழவி எங்கிருந்து குதிப்பாளோ என்று சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கழிப்பறைக்குப் போனபோது கூடக் கதவுக்குப் பின்னால் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

இரண்டு மணிக்கு, "ஆபீஸுக்கு வா, டீ குடிச்சுட்டு மிச்சத்தைப் பார்ப்போம்" என்றார் நார்மன்.

வெளியே பனி. ஆபீஸ் அறையில் ஜன்னலெல்லாம் இறுக்கமாக மூடியிருந்தது. சுவரோரம் அறையைச் சூடாக்கும் பழைய கேஸ் கணப்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. குமாஸ்தா கேய்னர் கன்னத்தில் கைவைத்து அரைத் தூக்கத்தில் இருந்தாள்.

"பாத்தியா, மத்தியானம் ஆனா போதும், அம்மணிக்குக் கண்ணு சொருகிடும்" என்றார் நார்மன்.

"உங்க மூஞ்சிய நாள் பூரா பாத்தா யாருக்குத்தான் சொருகாது?" என்றாள் கேய்னர், கண்ணைத் திறக்காமலே.

ஜெனீன் டீயை வாயில் வைக்கப்போனவள் அப்படியே நின்றாள். கணப்பின் சுடர் நீலமாக இல்லை. மஞ்சளாக, சோம்பேறித்தனமாக ஆடியது. மேலே சுவரில் பழுப்புக் கறை. ஜன்னல் கண்ணாடியில் வியர்வை வழிந்தது.

அடேயப்பா, என்று நினைத்துக்கொண்டாள். என்ன ஜோடனை! கறையைக் கூட வரைந்து வைத்திருக்கிறாரே மனிதர்! ஆக, கிழவி வந்துவிட்டாள்.

கோப்பையைக் கீழே வைத்தாள். பையிலிருந்து புகைக்குச்சியை எடுத்துப் பற்றவைத்து, கணப்பின் மேல் விளிம்பில் பிடித்தாள். ஒழுங்கான கணப்பென்றால் புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இது இழுக்கவில்லை. புகை திரும்பி வந்து அவள் மூக்கிலேயே மோதியது.

"சார், இது உடனடி ஆபத்து. அணைக்கப் போறேன்."

நார்மன் சிரித்தார். "பைத்தியமா உனக்கு? பத்தொம்பது வருஷமா எரியுது இது. வருஷா வருஷம் நானே பாத்து நானே கையெழுத்துப் போடறேன்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க, மிஸஸ் ப்ளென்கின்சாப்" என்றாள் ஜெனீன்.

"யாரு?"

"உங்களத்தான்மா சொல்றேன்." அவள் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. நடிப்பு என்று தெரிந்துவிட்டதும் உடம்பில் ஒரு தைரியம் ஏறிவிட்டது. இதே அறையில் நிஜ நார்மனிடம் சர்க்கரை இன்னும் அரைக் கரண்டி கேட்கக் கூட அவளுக்கு நா எழாது.

"ஏய், விளையாடாத! வெளிய குளிர் என்னன்னு தெரியுமா?"

"தெரியும்மா. கம்பளியப் போத்திக்கங்க. அணைக்காம நான் போகமாட்டேன்."

"நான் உன் தேர்வாளர்! கைய வெச்ச, ஃபெயில் போட்டுருவேன்!"

ஜெனீனுக்குப் புல்லரித்துவிட்டது. என்ன நடிப்பு! கழுத்து நரம்பெல்லாம் புடைக்கிறதே! ஸ்க்ரூடிரைவரை எடுத்து வால்வைத் திருகி மூடினாள். கணப்பு அணைந்தது. 'ஆபத்து, பயன்படுத்தக் கூடாது' என்ற சிவப்பு அட்டையை அதன் நெற்றியில் கட்டினாள். எச்சரிக்கைப் படிவத்தைப் பூர்த்தி செய்து நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க, மிஸஸ் ப்ளென்கின்சாப்."

"என்னை இன்னொரு தடவை அப்படிக் கூப்பிட்டே, நடக்கறதே வேற! போடமாட்டேன். நீ அந்தப் பக்கம் போனதும் மறுபடி பத்தவெப்பேன்!"

"அப்படீங்களா?" என்று மேஜை மேலிருந்த போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் ஒரு பெண் விலாசம் கேட்டாள். பரவாயில்லையே, போனுக்குக் கூட ஆள் வைத்திருக்கிறார்களே என்று ஜெனீன் மெச்சிக்கொண்டாள்.

"அங்க யாருக்காவது உடம்புக்கு ஏதாவது செய்யுதா?" என்றது குரல்.

"ஒரு அம்மா தூங்கி வழியறாங்க. இன்னொருத்தர் கத்திட்டு இருக்காரு. அது நோயா, குணமே அப்படியான்னு தெரியலைங்க."

"ஜன்னலைத் திறந்துட்டு எல்லாரும் வெளிய வந்துடுங்க."

ஜன்னலைத் திறந்தாள். கேய்னரை எழுப்பிக் கோட்டைப் போர்த்தி வெளியே நடத்தினாள். நார்மன் வாசல்வரை சட்டம் பேசிக்கொண்டே வந்தார். பனியில் மூவரும் நின்றார்கள். அவர் மேலே ஒரு மெல்லிய ஸ்வெட்டர்தான். பல் கடகடவென்று அடித்தது.

"அபாரம் சார்" என்று அவர் காதருகே மெல்லச் சொன்னாள். "நடுக்கம் கூட நிஜம் மாதிரியே இருக்கு."

நார்மன் அவளை முறைத்தார். திட்டலாமென்றால் பல் நிற்கவில்லை.

அரைமணி நேரத்தில் ஒரு வேன் வந்தது. சீருடைக்காரர் ஒருவர் கையில் அளவுமானியோடு உள்ளே போய்வந்து, "ஜன்னலைத் திறந்தப்புறமும் விஷவாயு இன்னும் காட்டுது. அணைச்சது யாரு?" என்றார்.

"நான்தான்" என்ற ஜெனீன், அவரை ஓரமாக அழைத்துப்போய்க் கேட்டாள். "நீங்களும் நார்மன் சாரோட கூத்துக் கோஷ்டியா?"

"எந்தக் கூத்தும்மா? நான் கேஸ்காரன். இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் கதவ மூடிக்கிட்டு உக்காந்திருந்தா, இவங்க ரெண்டு பேரையும் ஸ்ட்ரெச்சர்லதான் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. ரெண்டு பேரும் இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க."

ஜெனீனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்படியானால் கறை நிஜக் கறை. மஞ்சள் நிஜ மஞ்சள். நிஜ நார்மனிடம், அவர் மூஞ்சிக்கு நேராக, போகமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். ஐயோ, மிஸஸ் ப்ளென்கின்சாப் என்று இரண்டு முறை கூப்பிட்டு வேறு இருக்கிறாள்!

அறை காற்றாடிவிட்டதென்று கேஸ்காரர் சொன்னதும், நார்மன் விறுவிறுவென்று உள்ளே போய், தன் கையாலேயே கணப்பைச் சுவரிலிருந்து பெயர்த்து இழுத்தார். பின்னாலிருந்து பொலபொலவென்று சுள்ளி கொட்டியது. சுள்ளி, இறகு, ஆட்டு மயிர், வறுவல் கடையில் கொடுக்கிற மர முள்கரண்டி நாற்பது ஐம்பது. காக்கைகள் புகைபோக்கிக்குள் குடித்தனமே நடத்தியிருந்தன.

"வருஷா வருஷம் பாத்தேன்னீங்க?" என்றாள் கேய்னர்.

"முன்னாடி பாத்தேன்" என்றார் நார்மன், குரல் இறங்கி. "இழுத்துப் பாக்கல." பிறகு சுவரைக் காட்டி, "விஷவாயு வந்தா அடிக்கிற எச்சரிக்கை மணி ஒண்ணு இருந்துச்சே, அது ஏன் அடிக்கல?" என்றார்.

கேய்னர் தரையைப் பார்த்தாள். "ஒரு மாசமா சும்மா கத்திட்டே இருந்துச்சு. எரிச்சல் தாங்கல, பேட்டரிய எடுத்துட்டேன்."

பிறகு நார்மன் எச்சரிக்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். தேர்வுத் தாளையும் எடுத்தார். பேனாவைத் திறந்தவர், நின்றார்.

"ஜெனீன், மறைக்காம சொல்லு. இது நாடகம் இல்ல, நெசம்னு தெரிஞ்சிருந்தா அணைச்சிருப்பியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இதில் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"இல்லைங்க" என்றாள். "'பரவாயில்லைங்க'ன்னு டீயக் குடிச்சிருப்பேன்."

நார்மன் பேனாவை மூடினார். "அப்ப நான் எப்படிப் பாஸ் போடறது? எங்களச் சாக விட்டிருப்ப. மன்னிச்சுக்க கண்ணு. அடுத்த செப்டம்பர்ல முதல்லேருந்து படி. சம்மதம்தானே?"

எல்லாரும் அவளை இப்படித்தான் கேட்பார்கள். 'சம்மதம்தானே' என்று. 'பரவாயில்லைங்க' நாக்கு நுனிவரை வந்து நின்றது. எதிரே கிழவி இல்லை, வேஷம் இல்லை, மூக்கு சிவந்த நார்மன் ஸ்ட்ரிங்கர்தான் இருந்தார்.

"முடியாது" என்றாள் ஜெனீன்.

கேய்னர் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன?" என்றார் நார்மன்.

"முடியாது சார். ஒத்துக்கமாட்டேன். என்ன பண்ணியிருப்பேன்னு அந்தத் தாள்ல கேக்கல. என்ன பண்ணினேன்னுதான் கேக்குது. கண்டுபிடிச்சேன், அணைச்சேன், போன் போட்டேன், ரெண்டு பேரையும் உசுரோட வெளிய கொண்டு வந்தேன். எழுதுங்க. எழுதாம நான் இங்கிருந்து நகரமாட்டேன்." கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவில்லை. "குளிர்னா கம்பளியப் போத்திக்கங்க."

நார்மனின் மீசை ஒரு பக்கமாக ஆடியது. அழுகையா சிரிப்பா என்று அதற்கே தெரியவில்லை.

"இந்த ஒரு சொல்லுக்கு மூணு தடவையா தேட வெச்சிட்டியே" என்று முணுமுணுத்துக்கொண்டே பேனாவைத் திறந்து, 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெனீன் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சுள்ளிக் குவியலுக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.