செம்பு வளையத்துக்குள் வந்த புயல்

ஜனவரி பதினேழாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு, கென்யாவின் கெரிச்சோ மலையில் பெய்துகொண்டிருந்த மழை அங்கே நின்றுவிட்டு, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, சோமா நகரத்துக்குத் தெற்கே எங்கள் சியாலூபா கிராமத்தில், பெனார்ட் ஹபீன்ஸுவின் முற்றத்தில் பெய்தது. முற்றம் முழுக்க இல்லை. எட்டடி அகலத்துக்கு மட்டும். மேலிருந்தும் இல்லை. முக்காலியில் நின்ற செம்பு வளையத்தின் நடுவிலிருந்து பக்கவாட்டில் வந்து, கொஞ்ச தூரம் போய், அப்புறம்தான் மழையாகத் தரையில் விழுந்தது. தேயிலை வாசனை அடித்தது. நாங்கள் வெலவெலத்துப்போனோம். அன்றைக்குப் பயப்படவே இல்லை என்று இப்போது சொல்லித் திரிகிறவர்கள் எல்லோரும் புளுகர்கள். நான் அங்கேதான் நின்றேன், யார் யார் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஹபீன்ஸு தொலைபேசிக் கம்பம் ஏறும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்க உரிமம் வாங்கி, பொழுதுபோக்குக்காக வானொலியில் உலகத்தோடு பேசுகிறவர். உயரமான கம்பமும் நீளமான கம்பியும் கட்ட முழங்கால் இடம் கொடுக்காததால், ஒரு மீட்டர் அகலத்தில் செம்புக் குழாயை வளையமாக வளைத்து, அதன் தலையில் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிச் செய்த தகடுகளைப் பொருத்தி, அடியில் ஒரு குட்டி வளையம் வைத்து, அதிலிருந்து கம்பியைப் பெட்டிக்கு இழுத்திருந்தார். கையில் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். தகடுகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். சரியான இடம் வந்ததும் பெட்டியின் இரைச்சல் குபீரென்று பொங்கும். கையை எடுத்தால் மறுபடி அடங்கிவிடும், ஏனென்றால் பக்கத்தில் நிற்கும் மனித உடம்பையும் அந்த வளையம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அதனால் நீளமான மூங்கில் குச்சியால்தான் திருப்புவார். பேசும்போது தொட்டால் ஆளைத் தூக்கி அடிக்கும் என்று எங்களையும் அண்ட விடமாட்டார்.

இவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. எதிர்முனைக்காரனின் குரல் எப்படிக் கேட்கிறது என்று இரண்டு எண் சொல்ல வேண்டும். முதல் எண் தெளிவுக்கு, ஐந்து வரை. இரண்டாவது வலுவுக்கு, ஒன்பது வரை. இரண்டு பக்கமும் எண் சொல்லி முடித்தால்தான் அந்தப் பேச்சு பேச்சாகும். உலகத்தில் பாதிப் பேர் மரியாதைக்காக எல்லோருக்கும் ஐந்து ஒன்பது என்று அள்ளிக் கொடுப்பார்கள். ஹபீன்ஸு கொடுக்கமாட்டார். மூன்று கேட்டால் மூன்றுதான். கஞ்சன் என்று பத்து நாட்டில் பேர் வாங்கியிருந்தார்.

எண்ணுக்கு அப்புறம் எல்லோரும் பேசுவது வானிலை. அந்த வருஷம் பேசுவதற்கு எங்களிடம் வானிலையே இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு சொட்டு விழவில்லை. ஹபீன்ஸுவின் மனைவி சூல்வேயின் நான்கு லீமா, அதாவது இரண்டரை ஏக்கர், மக்காச்சோளம் பூவெடுத்து நின்றது. அந்த நேரத்தில் பத்து நாள் காய்ந்தால் மணி பிடிக்காது, மணி பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் ன்ஷிமாக் களி கிண்ட மாவில்லை. கெரிச்சோக்காரன் ஒருவனுக்கு ஹபீன்ஸு எண் சொன்னதும் முற்றத்தில் வந்த அந்த மழையைப் பார்த்து நாங்களெல்லாம் வாயைப் பிளந்து நின்றபோது, சூல்வே மட்டும் வளையத்தோடு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு நடந்தாள்.

வயலில் முதல் நாள் சுருதி சேர்த்தபோது அவள் வளையத்துக்கு வலப்பக்கம் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். நகர்ந்தாள், மழை நின்றது. திரும்பி வந்தாள், பெய்தது. அன்றிலிருந்து அதே இடத்தில் அசையாமல் நிற்பது அவள் வேலையாயிற்று. தினமும் மூன்று மணிக்கு ஹபீன்ஸு எங்கே மழை பெய்கிறது என்று தேடுவார். தூறல்காரன் ஒருவன் கிடைப்பான், மூன்று மூன்று என்பார், வயலில் தூறும். அடுத்த வயல்காரர்கள் ஐந்து படி வேர்க்கடலை தருகிறோம் என்று வந்து நின்றார்கள். உரிமத்தில் ஆதாயம் பார்க்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது என்று சொல்லி, சும்மாவே வளையத்தைத் திருப்பி வைத்தார்.

சிபேகோவுக்கு அது போதவில்லை. அவள் எருது வைத்து உழும் விதவை. அவள் குலத்துக்கும் ஹபீன்ஸு குலத்துக்கும் கேலி முறை. சாவு வீட்டில்கூட அவள் அவரைக் கிண்டல் பண்ணலாம், அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"என்ன மச்சான், மழையா பெய்யுது இது? எங்க ஆடு ஒண்ணுக்குப் போனாக்கூட இதவிட நனையும். அஞ்சு ஒம்பதுன்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

"கேட்டது மூணு. மூணுதான் சொல்லுவேன்."

"அப்ப நான் சொல்றேன்" என்று குனிந்து, மைக்கைப் பிடித்து, மடகாஸ்கரில் யாரோ ஒரு பல் டாக்டருக்கு ஐந்து ஒன்பது என்று கத்திவிட்டாள். வளையத்திலிருந்து ஆற்று வெள்ளம் போல் கொட்டியது. சிபேகோவின் பூசணிக்கொடி முழுக்க ஓடைக்குப் போயிற்று. தன் வீட்டுத் தொட்டித் தண்ணீர்கூட வற்றிவிட்டதாகப் பல் டாக்டர் நடுங்கும் குரலில் சொன்னார். ஹபீன்ஸு அவரிடம் நூறு தடவை மன்னிப்புக் கேட்டு, உரிமம் இல்லாத ஆள் பேசிய வெட்கத்தில் மூன்று நாள் பெட்டியைத் திறக்கவில்லை. வளையம் காதில் கேட்பதைப் பொறுத்துத் தருவதில்லை, வாயால் சொல்லும் எண்ணைப் பொறுத்துத் தருகிறது என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

நான்காம் நாள் கதிரில் பட்டிழை வந்திருந்தது. பெட்டியைத் திறந்ததும் ஒரு குரல், கிணற்றுக்கு அடியிலிருந்து வருவது போல். அமாதே என்று பெயர். மொசாம்பிக் கடற்கரையில் கெலிமானே. புயல் கரையேறிவிட்டது. பள்ளிக்கூடக் கூரைமேல் குடும்பத்தோடு இருக்கிறான், தண்ணீர் கூரை விளிம்பைத் தொடுகிறது. இதைச் சொல்லிவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "என் குரல் எப்படிக் கேக்குது?" என்பதுதான். இந்த ஆட்கள் முழுகும்போதும் அதைத்தான் கேட்பார்கள்.

ஹபீன்ஸுவுக்குக் கேட்டது மூன்று மூன்று. அதைச் சொன்னால் வயலுக்கு வேண்டிய அளவு மழை வரும், மீதிப் புயல் அங்கேயே அடிக்கும். அவர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"எத்தன பேராம்?" என்றாள் சூல்வே.

"ஆறு பேரு. நாலு புள்ளைங்க."

அவள் மக்காச்சோளத்தை ஒரு தடவை பார்த்தாள். "சொல்லுங்க, லுயாண்டோ அப்பா." மூத்த பிள்ளையின் பெயரை வைத்துத்தான் அவள் கணவனைக் கூப்பிடுவாள்.

"சொன்னா வயல் மிஞ்சாது."

"எனக்குக் கண்ணில்லையா? சொல்லுங்க."

"நீ நகர்ந்தா அறுந்துடும்."

"நான் எங்க போகப்போறேன்?"

அறுபத்தெட்டு வயதில் ஹபீன்ஸு வானொலியில் முதல் பொய் சொன்னார். ஐந்து ஒன்பது.

அதற்குப் பிறகு வந்ததை எப்படிச் சொல்வது? காற்று முதலில் வந்தது. நான்கு லீமாவும் மூச்சு விடுவதற்குள் தரையோடு படுத்தது. கறுப்புத் தண்ணீர், தகரத் துண்டு, மீன், தேங்காய், ஒற்றைச் செருப்பு, பள்ளிக்கூட மணி எல்லாம் ஒரு மீட்டர் வளையத்துக்குள்ளிருந்து வந்து எங்கள் வயலில் விழுந்தன. நாங்கள் வரப்பில் குப்புறக் கிடந்தோம். சூல்வே மண்வெட்டியை ஊன்றி நின்றாள். யாரும் கிட்டே போய்ப் பிடிக்க முடியாது, இன்னொரு உடம்பு சேர்ந்தால் சுருதி கலையும். சிபேகோதான் எருதுக்குப் போடும் சுருக்குக் கயிற்றை இருபதடி தள்ளி நின்று வீசினாள். இரண்டாவது வீச்சில் இடுப்பில் விழுந்தது. ஊரே கயிற்றைப் பிடித்தது.

"மச்சான், எங்க கிழட்டு எருதவிட உங்க பொண்டாட்டி கனம்" என்று அவள் கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள்.

இரண்டு மணி பத்து நிமிஷம். கடைசியில் அமாதேயின் குரல், "மழ நின்னுடுச்சு. வெயில் தெரியுது" என்றது. ஹபீன்ஸு தனக்கு என்ன எண் என்று கேட்டார். பதில் இல்லை. அங்கே பேட்டரி தீர்ந்ததா, கூரை சரிந்ததா, தெரியவில்லை. எண் வராததால் பேச்சு முடியவில்லை.

அந்த வருஷம் வயலில் பொறுக்கிய கடல்மீனைக் காயவைத்துத் தின்றோம். உங்கள் வீட்டு எலிக்குத்தான், உங்களுக்கில்லை என்று சொல்லி, சிபேகோ இரண்டு மூட்டை மக்காச்சோளத்தைச் சூல்வே வீட்டில் இறக்கிப்போட்டாள். சூல்வே வயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாரா வாரம் சோமா தபால் நிலையத்துக்குப் போய்வந்த கணவனிடம் கேட்டது ஒன்றுதான். "எண்ணு வந்துச்சா?" வரவில்லை. ஐந்து மாதம் வரவில்லை. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனதை நாங்கள் பார்த்தோம்.

ஜூலையில் ஒரு அட்டை வந்தது. இந்த ஆட்கள் பேசி முடித்ததற்குச் சாட்சியாக அனுப்பிக்கொள்ளும் அட்டை. கீழே ஆறு கையெழுத்து, அதில் நான்கு பென்சிலால் கோணல்மாணலாக. எண் எழுதும் கட்டத்தில் மூன்று மூன்று. பக்கத்தில் ஒரு வரி: மன்னிக்கவும் ஐயா, கேட்டதைத்தான் எழுதுவேன்.

ஹபீன்ஸு அதைப் படித்துக் காட்டினார். சூல்வே அட்டையை வாங்கி, பென்சில் பெயர்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். நான்கையும் தொட்டு முடித்துத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "உங்களவிட ஒழுங்கான மனுஷன்" என்றாள் பிறகு.

வளையம் இப்போதும் இருக்கிறது. மழை வேண்டும்போது எடுப்பார்கள், தூறல் அளவுக்கு. வயலில் விழுந்த தேங்காய்களில் பதினொன்று முளைத்தன. ஜூனில் உறைபனி விழும் எங்கள் ஊரில் தென்னை வளராது என்று விவசாய அலுவலர் வந்து மரத்தடியில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். ஏழாம் வருஷம் காய்த்தன. இளநீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும். நாங்கள் அப்படியே குடித்துப் பழகிவிட்டோம்.