‘ஹட்’டுக்கு அசையாதவன்

போன வருடம் நவம்பரில் என் தம்பி கோல்பி அரை நொடி முன்னதாகப் பாய்ந்துவிட்டான். அதற்குப் பிறகு எங்கள் ஊர் ஹார்லன் க்ரீக்கில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

“ஹட்!” என்பார்கள். தபால் நிலையத்தில், டயர் கடையில், தேவாலயப் படிக்கட்டில். பின்னாலிருந்து வந்து காதருகில் ஒரு “ஹட்!” அவன் தோள் துள்ளும். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். வீட்டுக்கு வந்ததும் நேராக அறைக்குள் போய்விடுவான்.

நடந்தது இவ்வளவுதான். பெல்ஃபர்ட் பள்ளியோடு அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். ஒரு நிமிடம் மிச்சம், நாங்கள் முன்னிலையில் இருந்தோம். அவர்களுக்குக் கடைசி முயற்சி. மூன்று கஜம் முன்னேறாவிட்டால் பந்து எங்களுக்கு. பந்தை வாங்கி எறியும் அவர்களுடைய குவார்ட்டர்பேக் ட்ரெண்ட் வெட்சல் குனிந்து நின்று, பந்தை நகர்த்தச் சொல்லும் குரலைக் கொடுத்தான். “ஹட்… ஹட்… ஹட்!” பந்து தரையை விட்டு நகரவே இல்லை. வெறும் குரல்தான். பந்து நகரும் முன் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் கோல்பி தாண்டியிருந்தான். தண்டனை ஐந்து கஜம். மூன்று கேட்டவனுக்கு ஐந்து கிடைத்தது. அங்கிருந்து அவர்கள் ஜெயித்தார்கள்.

இந்த வருடம் கோல்பிக்குப் பள்ளியில் கடைசி வருடம். கடைசி ஆட்டமும் பெல்ஃபர்ட்டோடுதான். அதன் பிறகு அவன் வெல்டிங் வேலைக்குப் போகிறான், இதே ஊரில். இன்னொரு தடவை பாய்ந்தால் அறுபது வயதிலும் அவன் பெயர் ஹட்தான்.

அப்பாவுக்கு இதில் அனுதாபம் குறைவு. எர்லீனின் கடையில் முட்டை சாப்பிட்டுக்கொண்டே சொல்வார்: “குவார்ட்டர்பேக் நல்லா இருந்தா மத்த பத்து பேரும் சும்மா நின்னாலே போதும்.”

எர்லீன் காப்பி ஊற்றிக்கொண்டே திருப்பிக் கொடுப்பாள். “ஆமா, நீ பாத்த. டிஃபென்ஸ் இல்லாட்டி உன் குவார்ட்டர்பேக் நாப்பது பாயிண்ட் எடுத்துட்டு நாப்பத்தி ரெண்டுல தோப்பான். பேசாம முட்டையைத் தின்னு.”

கோல்பி தட்டைப் பார்த்தபடி இருப்பான்.

ஆகஸ்டில் ஒரு நாள் அவன் என்னிடம் வந்தான். “டாரா, நீ எனக்குக் கத்தணும்.”

“என்ன?”

“ட்ரெண்ட் மாதிரி. நீ கத்து, நான் அசையாம நிக்கிறேன். அப்பா கத்தினா சிரிச்சிடுவாரு. நீதான் சிரிக்க மாட்ட.”

நான் இயற்பியல் படித்தவள். மாவட்டக் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை. அங்கே நாள் முழுவதும் நான் பேசும் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணலாம். ஆட்டங்களின்போது செய்தியாளர் அறையின் கூரையில் நின்று பள்ளிக்காகப் படம் பிடிப்பதும் நான்தான். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை.

வீட்டு முன்னாலிருந்த வாகனம் நிறுத்துமிடத்தில் பந்தை என் காலடியில் வைத்துக்கொண்டு முதல் முறை கத்தினேன்.

“லைப்ரரில புக்கு கேக்குற மாதிரி இருக்கு” என்றான் கோல்பி.

அன்று இரவே ட்ரெண்டின் பழைய ஆட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொத்தம் ஆறு. ஒலியை மட்டும் பிரித்துக் கேட்டேன். முதல் இரண்டு ஹட்டும் தாழ்ந்த குரலில், சம இடைவெளியில் வரும். மூன்றாவது இடைவெளி மட்டும் கொஞ்சம் சுருங்கும். குரல் மேலே ஏறி சட்டென்று அறுபடும். கதவு சாத்தியது போல இருக்கும். அதோடு அவன் தலையும் லேசாக முன்னால் வெட்டும். பதினேழு வயதுப் பையனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? அந்த ஆறு ஆட்டங்களில் ஒன்பது பேரை அந்தக் குரல் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்திருந்தது. ஒன்பதாவது ஆள் பாய்ந்தபோது, படம் பார்த்துக்கொண்டிருந்த என் காலும் மேஜைக்கடியில் உதைத்தது.

கோல்பியிடம் சொன்னேன். “உன் மேல தப்பு இல்ல. காது கண்ணை விட வேகம். சத்தம் கேட்டு நகர்றதுக்கும், பார்த்து நகர்றதுக்கும் நடுவுல ஒரு நொடியில நூறுல நாலு பங்கு வித்தியாசம் இருக்கு. உன் காது முந்திக்குது.”

“அப்ப என்ன பண்ண?”

“காதை விட்டுடு. பந்து நகர்ந்தா நகரு.”

“அப்ப நான் எப்பவும் லேட்டா?”

“நூறுல நாலு பங்கு.”

அவன் குனிந்து கையைத் தரையில் ஊன்றினான். “சரி, கத்து.”

பத்து வாரம் கத்தினேன். தினமும் மாலையில் இருநூறு ஹட். பக்கத்து வீட்டு லோரெட்டா ஒரு நாள் ஜன்னலைத் திறந்து, “ஏம்மா டாரா, நீதானா அது? நான் ஏதோ பையன்னு நெனச்சேன்!” என்றாள். நான் வெட்கத்தில் வீட்டுக்குள் ஓடிவிட்டேன். மறுநாள் மறுபடி கத்தினேன். முதல் வாரம் இருநூறில் எண்பது தடவை பாய்ந்தான். கடைசி வாரம் ஒரு தடவை. அந்த ஒன்றும் தும்மல் என்று சத்தியம் செய்தான்.

ஆட்டம் சனிக்கிழமை மதியம். வானம் வெளுத்துக் கிடந்தது. கூரையில் காற்று கையை வெட்டியது. பெல்ஃபர்ட் ரசிகர்கள் வரிசையாக நின்று கோல்பியைப் பார்த்து ஒரே குரலில் “ஹட்! ஹட்!” என்று கத்தினார்கள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாற்பது நொடி மிச்சமிருந்தபோது நாங்கள் பதின்மூன்று, அவர்கள் பத்து. பந்து எங்கள் எல்லைக்கு நாற்பத்தோரு கஜம் முன்னால். அவர்களுக்குக் கடைசி முயற்சி. மறுபடியும் மூன்று கஜம்.

கேமராவின் கண்ணாடி வழியாகக் கோல்பியைப் பார்த்தேன். வரிசையின் ஓரத்தில் ஒரு கையைத் தரையில் ஊன்றியிருந்தான். முகம் ட்ரெண்ட் பக்கம் இல்லை. பந்தின் பக்கம்.

“ஹட்.”

பந்து அசையவில்லை.

“ஹட்.”

“ஹட்!”

கதவு சாத்தப்பட்டது. எங்கள் பதினொரு பேரும் அசையவில்லை. கல்லில் செதுக்கி வைத்தது போல இருந்தார்கள். ட்ரெண்ட் விடவில்லை. ஒரு காலைத் தூக்கித் தரையில் அடித்து நான்காவது ஹட்டைக் கொடுத்தான். அது வரை நான் கேட்டதிலேயே அழகான ஹட் அது. கோல்பியின் வாயிலிருந்து வந்த ஆவி மட்டும் அசைந்தது.

ட்ரெண்டின் பக்கத்தில் நின்ற அவனுடைய ஆள்தான் பாய்ந்தான்.

தவறு அவர்களுடையது என்று நடுவர் மஞ்சள் துணியை எறிந்தார். ஐந்து கஜம் பின்னால். மூன்று இப்போது எட்டு. எங்கள் பக்கம் எழுந்த சத்தத்தில் நான் நின்ற தகரம் அதிர்ந்தது. அப்பா கீழே தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு, “அவன் என் புள்ளைடா! டேய், அவன் என் புள்ளைடா!” என்று யாரோ ஒருவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

மறுபடி வரிசை கட்டினார்கள். இந்த முறை முதல் ஹட்டிலேயே பந்து நகர்ந்தது. கோல்பியும் நகர்ந்தான். தடுத்தவனைச் சுற்றிக்கொண்டு ட்ரெண்டின் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டான். ட்ரெண்ட் அவனைப் பார்க்கவில்லை. தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த தன் ஆளையும் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த ஆள் இன்னும் திரும்பக்கூட இல்லை. ட்ரெண்ட் கையை வீசினான். கோல்பி அவன் மேல் விழுந்தான். இருவரும் தரைக்குப் போனார்கள்.

பந்து மட்டும் மேலே போயிற்று.

மூன்று நொடி. நான் கேமராவைத் திருப்ப மறக்கவில்லை, அது எப்படி என்று எனக்கே தெரியாது. பந்து தன் அச்சில் தள்ளாடாமல் சுழன்றது. வெளுத்த வானத்தில் உச்சிக்குப் போய், இறங்கியது. மைதானத்தின் கடைசி மூலையில் அந்தப் பையன் அப்போதுதான் திரும்பினான். கையை நீட்டினான். பந்து அங்கே இருந்தது.

அது ஆறு புள்ளி; ஆட்டம் அவர்களுக்கு. எங்கள் பக்கத்தில் யாரோ ஒருவர் தன்னை மறந்து கை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கைகுலுக்கும் வரிசையில் ட்ரெண்ட் கோல்பியின் முன்னால் நின்றுவிட்டான். நான் கூரையிலிருந்து இறங்கி வேலியோரம் வந்திருந்ததால் கேட்டது.

“டேய், நீ செவிடா?”

“உனக்கு மட்டும்.”

“மூணு வருஷமா எல்லாரும் பாயுறாங்கடா. நீ கண்ணைக்கூடச் சிமிட்டல.”

“நீ எறிஞ்சப்போ நான் உன் மேல இருந்தேன். அது எப்படிடா போச்சு?”

“தெரியல” என்றான் ட்ரெண்ட். பொய் சொல்லும் முகமாகத் தெரியவில்லை.

ஞாயிறு காலை எர்லீனின் கடையில் பழைய சண்டை இரட்டிப்பாக நடந்தது. அப்பா, “பாத்தியா? கடைசில குவார்ட்டர்பேக்தான்” என்றார். எர்லீன், “முப்பத்தொன்பது நிமிஷமா அவனை முட்டி போட வெச்சது யாரு?” என்றாள். “ஆட்டமே நாப்பத்தெட்டு நிமிஷம்.” “மீதி ஒம்போது நிமிஷம் அவன் தண்ணி குடிச்சான், விடு.” என் மடியில் கணினி இருந்தது. முந்தைய நாள் பிடித்த படத்தை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். நொடிக்கு அறுபது ஃப்ரேம்.

இரண்டு முறை எண்ணினேன். ட்ரெண்டின் விரல்களை விட்டுப் பந்து பிரிகிறது. அடுத்த ஃப்ரேமில் கோல்பியின் கை ஒரு சாண் தள்ளி இருக்கிறது. அதற்கடுத்ததில் ட்ரெண்டின் முழங்கையைத் தொடுகிறது. இரண்டு ஃப்ரேம். ஒரு நொடியில் நூறில் மூன்று பங்கு. காதை நம்பியிருந்தால் அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய நேரம்.

அதை அவனிடமிருந்து எடுத்தவள் நான்தான்.

மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு வீட்டுக்கு வந்து அவன் அறைக் கதவைத் தட்டிச் சொன்னேன். எல்லாவற்றையும், எண்ணோடு.

கோல்பி திரையைப் பார்த்தான். “காதை நம்பியிருந்தா புடிச்சிருப்பேனா?”

“காதை நம்பியிருந்தா அதுக்கு முந்தின தடவையே பாய்ஞ்சிருப்ப.”

அவன் விரலை நீட்டி ஒரு ஃப்ரேம் முன்னால் தள்ளினான். ஒரு ஃப்ரேம் பின்னால். பந்து விரலில் இருந்தது, இல்லை. இருந்தது, இல்லை. அவன் கை அந்தரத்தில் விரிந்து நின்றது.

“இவ்வளவு கிட்டவா இருந்தேன்” என்றான். குரல் தாழ்ந்துவிட்டது. “இந்தச் சந்துக்குள்ள எறிஞ்சிருக்கான், டாரா.”

கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.

“முதல்ல இருந்து போடு.”