எட்டு ஷட்டர்கள்

சைக்கிள் கடைக்காரர் எத்தனை முறை ஷட்டரைத் தட்டினார் என்று தையல்காரிக்கு இன்றும் உறுதியாகச் சொல்லத் தெரியாது. போலீசிடம் மூன்று என்றாள். சில நாள் ஐந்து என்று தோன்றும்.

கடைத்தெருவில் எட்டுக் கடைகள். பேருந்து நிறுத்தத்தில் குடித்துக் கிடக்கும் மூன்று பேர் கண்ணாடிகளை உடைத்து, வருகிற போகிற பெண்களை வம்புக்கிழுத்து, கேட்டவர்களை அடித்துத் தெருவையே ஆட்டிப்படைத்தார்கள். புகார் கொடுத்து அலுத்துப்போன கடைக்காரர்கள் ஒருநாள் கூடினார்கள். ஒரு ஷட்டர் இறங்கினால் மற்ற ஏழும் உடனே இறங்க வேண்டும், அவர்கள் போகும்வரை யாரும் தூக்கக் கூடாது என்று யோசனை சொன்னவள் தையல்காரிதான். எதிர்வரிசை சைக்கிள் கடைக்காரர், "என் ஷட்டர் துருப்பிடிச்சது தங்கச்சி. அது இறங்குறதுக்குள்ள அவனுங்களுக்கே போதை இறங்கிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று மாலை நாலு மணிக்கு அவள் ஒரு சிறுமிக்குச் சீருடை அளவெடுத்துக்கொண்டிருந்தாள். தாய் பக்கத்தில் நின்றாள். வெளியே மூவரில் ஒருவன் ஒரு மாணவியின் பையைப் பிடித்து இழுக்க, சைக்கிள்காரர் கிரீஸ் கையோடு ஓடிப்போய் அவனைத் தள்ளிவிட்டார். மாணவி ஓடிவிட்டாள். முனைக்கடை ஷட்டர் இறங்கியது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. தையல்காரியும் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். சைக்கிள்காரருக்கும் அவர் கடைக்கும் நடுவே மூவரும் நிற்பதைத் தகடு தரையைத் தொடும் கணத்தில்தான் பார்த்தாள்.

தட்டும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, நான்தாம்மா. கொஞ்சம் தூக்கு."

தாழ்ப்பாளில் கை வைத்தாள். தாய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ள இருக்குக்கா."

வெளியே செயின் சுழன்றது. அவர் கடையிலிருந்தே அவர்கள் எடுத்த செயின் என்று பிறகு தெரிந்தது. ஒவ்வோர் அடிக்கும் தகடு உள்ளே புடைத்து, தைத்துவைத்த வெள்ளைச் சட்டைகள்மேல் துரு உதிர்ந்தது. அவர் கத்தவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. "இவளும் தொறக்க மாட்டா பெருசு, வேற கடை பாரு" என்று ஒருவன் சிரித்தான். தையல்காரி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவுமில்லை, திறக்கவுமில்லை. ஷட்டருக்கடியில் ரத்தம் கோடாக வந்தபோது சிறுமி காலை ஒதுக்கிக்கொண்டாள்.

இருவர் சிறையில் இருக்கிறார்கள். மூன்றாமவன் ஜாமீனில் வந்து ஊரைவிட்டுப் போய்விட்டான். மாணவி யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அந்தத் தாய் சீருடையை வேறு இடத்தில் தைத்துக்கொண்டாள். சைக்கிள்காரர் பிழைத்தார், ஒரு கண் போயிற்று. திரும்பி வந்த வாரமே தன் ஷட்டரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார். தையல்காரியை இப்போதும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார். அவள் மிஷினிலிருந்து நிமிரும்போதெல்லாம் எதிரே, அடைப்பில்லாத கடைக்குள், கண் இருக்கும் பக்கத்தைத் தெருவுக்குத் திருப்பி உட்கார்ந்து, ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருப்பார்.